இணையவழி எம்.பி.எச். படிப்பு: கிறித்துவப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா?

அல்லிக்குளம்
நவம்பர் 8, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு அருகே ஒரு டயாலிசிஸ் மையத்தில் பதினொரு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நர்சிங் படித்தது ஒரு மிஷன் மருத்துவமனையில். கணவரும் நானும் கிரீன் கார்டு பெற்றுவிட்டோம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் (எம்.பி.எச்.) பெற வேண்டும் என்ற எண்ணம் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. எங்கள் மையத்துக்கு வருகிறவர்கள் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். ஊசி போடுமுன் அவர்கள் கையில் உள்ள ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடத்தை) விரலால் தொட்டுப் பார்ப்போம். உள்ளே இரத்தம் ஓடுவது ஒரு மெல்லிய அதிர்வாக விரல் நுனிக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதைத் தொடும்போது, இவருடைய சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே யாராவது கவனித்திருந்தால் இவர் என்னிடம் வந்திருக்கவே வேண்டாமே என்று தோன்றுகிறது. அந்தப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய இடத்தில் நின்று வேலை செய்ய விரும்புகிறேன்.

வேலையை விட முடியாது என்பதால் இணையவழியில்தான் படிக்க முடியும். தேடிப் பார்த்ததில் கிறித்துவப் பல்கலைக்கழகங்கள் பல இதை நடத்துவது தெரிந்தது. கலிஃபோர்னியாவில் அட்வெண்டிஸ்ட் சபையினரின் லோமா லிண்டா, எங்கள் மாநிலத்திலேயே வேகோ நகரில் பாப்டிஸ்ட் மரபைச் சேர்ந்த பேய்லர், வர்ஜீனியாவில் லிபர்ட்டி ஆகியவை என் பட்டியலில் உள்ளன. நாங்கள் இந்துக் குடும்பம். அங்கே சேர்ந்தால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று நாத்தனார் அஞ்சுகிறார். இணையத்தில் வாங்கும் பட்டத்தை எந்த அலுவலகமும் மதிக்காது என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொல்கிறார். இந்த இரண்டில் எது உண்மை, எதற்கு நான் அஞ்ச வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொள்ளிடம்
நவம்பர் 9, காலை 7.15

சகோதரி, இங்கே ஒரு கவுண்டி (மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையில், நோய்கள் பரவுவதை ஆராயும் எபிடெமியாலஜி பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் குழுவிலும் பலமுறை அமர்ந்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு அச்சங்களையும் விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் படிப்புக்கு சி.இ.பி.எச். (பொதுச் சுகாதாரக் கல்விக் குழு) அங்கீகாரம் உண்டா என்பதுதான் அது.

பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கென்றே 1974-இல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் கிடைக்கும் பொது அங்கீகாரம் வேறு, இந்தத் துறை அங்கீகாரம் வேறு. முதலாவதை மட்டும் பெரிய எழுத்தில் விளம்பரத்தில் போட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றி வாய் திறக்காத நிறுவனங்களும் உண்டு. என்னுடன் பணிபுரிந்த ஒருவர் அப்படி ஓரிடத்தில் இரண்டு ஆண்டுகள் உழைத்துப் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் அதிகாரிப் படையில் சேர விண்ணப்பித்தபோதுதான், எம்.பி.எச். பட்டம் சி.இ.பி.எச். அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற விதியைப் பார்த்தார். அவர் படித்த பாடங்களில் குறையில்லை, அவரிடமும் குறையில்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்தவன் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். சி.இ.பி.எச். தன் தளத்தில் அங்கீகாரம் பெற்ற இடங்களின் முழுப் பட்டியலையும் வைத்திருக்கிறது. கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல் அங்கே பாருங்கள். உங்கள் மூன்று பெயர்களையும், நீங்கள் சேர விரும்பும் பிரிவையும் அங்கே சரிபார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

அங்கீகாரம் இருந்தால், இணையவழி என்பதற்காக நாங்கள் ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கியதில்லை. நேரில் படித்தாலும் இணையத்தில் படித்தாலும் எம்.பி.எச். பட்டத்துக்குக் குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு), காலாண்டு முறையில் 56 கிரெடிட் வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. இருபத்திரண்டு அடிப்படைத் திறன்களை ஒவ்வொரு மாணவரும் காட்டியாக வேண்டும் என்பதும் இரு சாராருக்கும் பொது. நேர்காணலில் நான் கேட்பது ஒன்றுதான்: களப்பயிற்சியில் என்ன செய்தீர்கள், அதை எனக்குக் காட்ட முடியுமா? சி.இ.பி.எச். விதிப்படி ஒவ்வொரு மாணவரும் ஓர் அமைப்புக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய குறைந்தது இரண்டு ஆக்கங்களைச் செய்து கொடுக்க வேண்டும். அது ஒரு கணக்கெடுப்பு அறிக்கையாக இருக்கலாம், பயிற்சிக் கையேடாக இருக்கலாம், தரவுப் பகுப்பாய்வாக இருக்கலாம். அதை மேசைமேல் வைத்துப் பேசத் தெரிந்தவர்களைத்தான் நாங்கள் எடுத்திருக்கிறோம்.

மருதமரம்
நவம்பர் 9, மாலை 6.05

அல்லிக்குளம் அக்கா, நான் தஞ்சாவூர்ப் பெண். வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறவள். அட்வெண்டிஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியில் எம்.பி.எச். முடித்தேன். உங்கள் நாத்தனாரின் அச்சத்துக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

யாரும் என்னை மதம் மாறச் சொல்லவில்லை. அதே வேளையில், அது கிறித்துவப் பல்கலைக்கழகம் என்பதை நீங்கள் மறந்துவிடவும் முடியாது. நேரலை வகுப்புகளைச் சில ஆசிரியர்கள் சிறிய ஜெபத்துடன் தொடங்குவார்கள். அட்வெண்டிஸ்ட் சபைக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனிக்கிழமை சூரியன் மறைவது வரை ஓய்வுநாள் என்பதால், அந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் எந்த ஒப்படைப்புக்கும் கெடு வைக்க மாட்டார்கள். மின்னஞ்சலுக்கும் பதில் வராது. சனிக்கிழமைதான் எனக்கு விடுமுறை என்பதால் முதலில் இது தொல்லையாக இருந்தது. பிறகு என் குழந்தைகளுக்கு அந்த ஒரு நாள் முழுவதும் கிடைத்ததை நினைத்து நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.

பட்டத்துக்குச் சமயப் பாடம் ஒன்று கட்டாயம். நான் எடுத்தது பொதுச் சுகாதார அறவியல். பற்றாக்குறையான தடுப்பூசியை முதலில் யாருக்குக் கொடுப்பது, ஒருவருடைய காசநோயைப் பற்றி அவர் வீட்டாரிடம் எதுவரை சொல்லலாம் என்பது போன்ற கேள்விகளை வாரந்தோறும் விவாதித்தோம். நான் ஒரு கட்டுரையில் திருக்குறளின் மருந்து அதிகாரத்திலிருந்து ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துஉழைச் செல்வானென்று’ என்ற குறளை எடுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்ற நால்வகையில் கடைசியாக வரும் பராமரிப்பாளரை நம் திட்டங்கள் மறந்துவிடுகின்றன என்று எழுதினேன். ஆசிரியர் அதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். நான் நானாகவே இருக்க அங்கே இடம் இருந்தது.

எல்லாக் கிறித்துவப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சபைக்குச் சபை நடைமுறை மாறும். சேருமுன் மாணவர் கையேட்டைக் கேட்டு வாங்கி, இணையவழி மாணவர்களுக்கு அதில் எந்த விதிகள் பொருந்தும் என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வைகைக்கரை
நவம்பர் 9, இரவு 9.30

சமய நிறுவனங்களில் பொதுச் சுகாதாரம் படிப்பதில் எனக்கு உண்மையான தயக்கம் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு, எச்.ஐ.வி. தடுப்பு, ஒருபாலின ஈர்ப்புள்ளவர்களின் உடல்நலம் ஆகியவை இத்துறையின் ஓரத்தில் இருப்பவை அல்ல, நடுவில் இருப்பவை. ஒரு சபையின் கொள்கை இவற்றில் எதையாவது பேசக் கூச்சப்பட்டால், அந்த மாணவர் அரைகுறையாகத்தான் வெளியே வருவார்.

இன்னொன்று, லோமா லிண்டா என்றாலே அட்வெண்டிஸ்ட் ஆய்வுகளைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். தம் சபையினரே நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று தம் பல்கலைக்கழகமே ஆய்வு செய்து சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

கொள்ளிடம்
நவம்பர் 10, காலை 6.50

வைகைக்கரை எழுப்பியிருக்கும் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. நீங்கள் சொன்ன பகுதிகளுக்கான பாடத்திட்டத்தைச் சேருமுன்னரே அக்கல்லூரியிடம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கே சேராதீர்கள். தாய்சேய் நலத்தில் பணிபுரிய விரும்புகிறவர்கள் இந்த எச்சரிக்கையை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்க அனுமதியுங்கள், ஏனென்றால் அல்லிக்குளம் சகோதரி படிக்கப்போகும் எபிடெமியாலஜியின் சாரமே அதில் இருக்கிறது.

2001-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் லோமா லிண்டா ஆய்வாளர்களான ஃபிரேசரும் ஷாவ்லிக்கும் கலிஃபோர்னியாவின் அட்வெண்டிஸ்ட் ஆண்கள் அம்மாநிலத்தின் பிற வெள்ளையின ஆண்களைவிட 7.3 ஆண்டுகளும், பெண்கள் 4.4 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று காட்டினார்கள். உடனே நாம் கேட்க வேண்டியது, இது உணவாலா, புகைக்காததாலா, சபையாலா என்பது. அட்வெண்டிஸ்ட்டுகள் பெரும்பாலும் புகைப்பதில்லை, குடிப்பதில்லை. ஆகவே வெளியாரோடு ஒப்பிட்டால் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதைத்தான் நாங்கள் கன்ஃபவுண்டிங் என்கிறோம். ஆனால் இந்த ஆய்வுகளின் அழகு வேறிடத்தில் இருக்கிறது. அச்சபைக்குள்ளேயே இறைச்சி உண்பவர்களும் உண்டு, மீன் மட்டும் உண்பவர்களும் உண்டு, பால்கூடத் தொடாதவர்களும் உண்டு. புகையும் மதுவும் ஏறக்குறைய எல்லோரிடமும் இல்லாதபோது, உணவு வேறுபாட்டைத் தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது. 2002-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 96,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். 2013-இல் வந்த அதன் முடிவு, சைவ உணவினரிடம் இறப்பு வீதம் 12 சதவீதம் குறைவு என்றது. 7.3 ஆண்டு என்ற பெரிய எண்ணைவிட, சபைக்குள்ளேயே ஒப்பிட்டுப் பெற்ற இந்தச் சிறிய எண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். தம் சபையைப் புகழ்வது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், தம்மவர்களையே இப்படிக் கூறுபோட்டு ஒப்பிட்டிருக்க வேண்டிய தேவை இல்லை.

சமயமும் இத்துறையும் இன்று நேற்று கைகோத்தவை அல்ல. 1854-இல் இலண்டன் பிராட் தெருவில் காலரா வந்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தெருவின் அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ சொன்னதை எல்லோரும் அறிவார்கள். அந்தக் கருத்தைத் தவறென்று காட்டப் புறப்பட்ட இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட்டைப் பலர் அறிவதில்லை. அந்தத் தெருவின் ஒவ்வொரு வீடும் அவருக்குத் தெரியும். யார் இறந்தார், யார் ஊரைவிட்டுப் போனார், யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று மீண்டும் மீண்டும் படியேறிக் கேட்டார். கேட்கக் கேட்கத் தம் எண்ணம்தான் தவறு என்று உணர்ந்தார். கடைசியில் 40-ஆம் எண் வீட்டில் முதலில் நோயுற்ற கைக்குழந்தையையும், அதன் துணிகளை அலசிய நீர் அடிபம்பை அடுத்திருந்த கழிவுக்குழியில் கொட்டப்பட்டதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். நம்பிக்கையுள்ள ஒருவர் தரவுக்கு முன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் தொடங்கிய பணியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களானார்கள். 1978-இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் ஆரம்பச் சுகாதாரத்தை உறுதிமொழியாக ஏற்றுக்கொள்வதற்கு முன் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட முயற்சிகளுள் ஜாம்கேடும் ஒன்று.

வைகைக்கரை
நவம்பர் 10, பகல் 12.20

சபைக்குள்ளேயே ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாடத்திட்டம் பற்றிய தயக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

தேரிக்காடு
நவம்பர் 10, பிற்பகல் 1.10

நான் தூத்துக்குடியில் பல் மருத்துவன். இங்கிருந்தபடியே இந்த அமெரிக்கப் படிப்பில் சேர்ந்தால், பிறகு அங்கே வேலைக்கு வர வழி உண்டா? இந்தியாவில் அரசுப் பணிக்குச் செல்லுமா?

கொள்ளிடம்
நவம்பர் 10, இரவு 8.00

தம்பி, முழுவதும் இணையவழியில் நடக்கும் படிப்புக்கு மாணவர் விசா கிடைக்காது. படிப்புக்குப் பிறகு மாணவர் விசாவின் பேரில் கிடைக்கும் பணி அனுமதியும் இல்லை. இந்தியாவில் அரசுப் பணிக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ வெளிநாட்டுப் பட்டத்துக்கு நிகர்மதிப்புச் சான்று கேட்பார்கள். இணையவழிப் பட்டத்துக்கு அதைப் பெறுவது சிக்கலானது என்பதால், உரிய அமைப்பிடம் எழுத்தில் பதில் பெறாமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். உங்கள் நிலையில் சென்னையில் உள்ள தேசிய எபிடெமியாலஜி நிறுவனத்தையோ, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தையோதான் முதலில் பார்ப்பேன். இரண்டிலும் நேரில் படிக்கும் எம்.பி.எச். இருக்கிறது, களம் உங்கள் கண்முன்னே இருக்கும்.

மருதமரம்
நவம்பர் 11, மாலை 5.45

பணத்தையும் களப்பயிற்சியையும் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

விளம்பரத்தில் ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். அக்கா, அதை 42-ஆல் பெருக்கிப் பாருங்கள். கிரெடிட்டுக்கு 700 டாலர் என்றால் 29,400 டாலர் ஆகிறது. தொழில்நுட்பக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். காலாண்டு முறைக் கல்லூரியின் கிரெடிட் விலையைச் செமஸ்டர் கல்லூரியின் விலையோடு நேராக ஒப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள். அங்கே பெருக்க வேண்டிய எண் 56. உங்கள் மையம் கல்வி உதவி தருமா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. படிப்பை மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கொண்டால் அந்த உதவியும் மூன்று முறை கிடைக்கும். நான் அப்படித்தான் செய்தேன். கூட்டரசுக் கடன் வாங்க எண்ணினால், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் (முதுகலை மாணவர்களுக்கான கூடுதல் கூட்டரசுக் கடன்) கிடையாது என்பதையும், சாதாரண முதுகலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர்தான் வரம்பு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

களப்பயிற்சிதான் என்னை அழவைத்தது. நேரில் படிக்கிறவர்களுக்குக் கல்லூரியைச் சுற்றியே இடங்கள் கிடைக்கும். தொலைவில் இருக்கும் நமக்கு நம் ஊரிலேயே ஓர் அமைப்பையும், நம்மை மேற்பார்வையிட ஒருவரையும் நாமே தேட வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு சுகாதார அலுவலகம் வாய்மொழியாகச் சம்மதித்தது. ஆனால் கல்லூரிக்கும் அவர்களுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அது அவர்களுடைய சட்டப் பிரிவின் மேசையில் மூன்று மாதம் கிடந்தது. என் பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது. கடைசியில் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கத் தேவாலயத்தில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இரத்த அழுத்தம் பார்க்கும் திட்டம் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தேன். மருத்துவமனை என்றால் முகம் திருப்புகிற முதியவர்கள், தங்கள் சபையின் மூத்த பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தத் தேவாலயத்தின் கதவைத் தட்டச் சொன்னவர் என் ஆசிரியர்தான். தம் சபையின் தொடர்புகளை அவர் தாராளமாகப் பயன்படுத்தினார். கிறித்துவப் பல்கலைக்கழகத்தில் படித்ததால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை இது என்று தயங்காமல் சொல்வேன்.

கொள்ளிடம்
நவம்பர் 11, இரவு 9.10

மருதமரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இதை மறைத்தால் நான் நேர்மையாக நடந்துகொண்டவன் ஆகமாட்டேன். இத்துறையில் இது நல்ல காலம் அல்ல. 2025 மார்ச்சில் கூட்டரசுச் சுகாதாரத் துறை 10,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் ஏறத்தாழ 2,400 நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யைச் சேர்ந்தவை. அதே மாதம் மாநிலங்களுக்கான கோவிட் கால நிதியில் 1,100 கோடி டாலருக்கு மேல் நிறுத்தப்படுவதாகவும் அறிவித்தார்கள். எங்களைப் போன்ற அலுவலகங்கள் அந்த நிதியில்தான் பலரை வைத்திருந்தன. ஆகவே பட்டம் வாங்கியதும் அரசு வேலை காத்திருக்கும் என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டாம்.

உங்களுக்குச் சாதகமானது உங்கள் செவிலியர் உரிமம். சிறுநீரக நோய்த் தடுப்பு, மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாடு, காப்பீட்டு நிறுவனங்களின் நாள்பட்ட நோய்த் திட்டங்கள் ஆகியவற்றில் நோயாளியைத் தொட்டுப் பழகியவரும் தரவைப் படிக்கத் தெரிந்தவருமாக ஒரே ஆள் கிடைப்பது அரிது. இருக்கும் வேலையை விடாமல் படிக்கிறீர்கள் என்பதால் இந்தக் காலத்தில்கூட உங்களுக்கு இது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அல்லிக்குளம்
நவம்பர் 15, இரவு 11.05

அனைவருக்கும் நன்றி. இந்த ஒரு வாரத்தில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கொள்ளிடம் ஐயா சொன்ன பட்டியலைத் திறந்து, நான் சேர விரும்பிய பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதி, மாணவர் கையேட்டையும் இனப்பெருக்க நலம் பற்றிய பாடத்திட்டத்தையும் கேட்டேன். ஒன்று மறுநாளே இரண்டையும் அனுப்பியது. இன்னொன்று சேர்க்கை ஆலோசகரின் தொலைபேசி எண்ணை மட்டும் அனுப்பியது. முதலாவதற்கு விண்ணப்பிக்கிறேன். எங்கள் மைய இயக்குநரிடம், டயாலிசிஸ் தொடங்குமுன் நோயாளிகள் எத்தனை ஆண்டுகள் மருத்துவரைப் பார்க்காமல் இருந்தார்கள் என்று கணக்கெடுப்பதை என் களப்பயிற்சியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன். ஒப்பந்தக் காகிதத்தை இப்போதே தொடங்கிவிடுவோம் என்றார்.

நாத்தனாரிடம் மருதமரத்தின் பதிவைப் படித்துக் காட்டினேன். குறள் எழுதிய இடம் வந்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

ஓர் அச்சம் மட்டும் மிச்சம் இருக்கிறது. கணக்கை நான் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவள். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) என்னால் முடியுமா?

கொள்ளிடம்
நவம்பர் 16, காலை 7.00

சகோதரி, இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு தேவாலய விருந்தில் 150 பேர். உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 100 பேரில் 40 பேருக்கு வயிற்றுப்போக்கு. சாப்பிடாத 50 பேரில் 5 பேருக்கு. சாலட் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து எத்தனை மடங்கு?

அல்லிக்குளம்
நவம்பர் 16, இரவு 10.20

சாப்பிட்டவர்களில் 40 சதவீதம், சாப்பிடாதவர்களில் 10 சதவீதம். ஆகவே நான்கு மடங்கு. சரிதானே, ஐயா?

ஆனால் பகல் முழுவதும் அந்த ஐந்து பேரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சாலட்டைத் தொடவே இல்லையே. அவர்கள் எப்படி நோயுற்றார்கள்? பரிமாறிய கரண்டி ஒன்றேதானா என்று யாராவது கேட்டார்களா?